சம்பாதிச்ச காசை ஊருக்கு அனுப்ப நாதியில்ல

இன்னிக்கும் அனுப்ப முடியல. இதோட மூணு சம்பள வெள்ளி போச்சு.

பப்புவா நியூ கினியில ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை சம்பளம். அந்த வெள்ளிக்கிழமை வந்தா நான் வேலை பாக்குற வீவாக் ஊரே வங்கி வாசல்லதான் நிக்கும். ஏழு மணிக்கே போனேன். எனக்கு முன்னாடியே வரிசை கட்டடத்தைச் சுத்தித் தெருமுனைக்குப் போயிருந்துச்சு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து வெயில், எட்டு மணிக்கே சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. பத்தரைக்குக் காவலாளி கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து, "நெட்வொர்க் பகரப்"னு சொல்லிட்டு மூடிட்டான். பகரப்னா இவங்க பிஜின் மொழியில கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். எப்ப சரியாகும்? பதில் சொல்ல ஆளில்ல.

எனக்கு முன்னாடி நின்னவர் ஒரு வாத்தியார். செப்பிக் ஆத்தோரக் கிராமம். மோட்டார் படகுல பக்வி வரைக்கும் வந்து, அங்கருந்து ராத்திரி முழுக்க லாரியில குலுங்கி வந்திருக்கார். கினாதான் இந்த நாட்டுப் பணம். நடுவுல ஓட்டை போட்ட ஒரு கினா காசு ஒண்ணை விரல்ல மாட்டித் திருப்பிக்கிட்டே இருந்தார். திரும்பிப் போகக் கூலி இல்லையாம். பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டு வந்திருக்கார், பாவம். அவரோட ஊர், அவரோட நாடு, அவருக்கே இந்த கதின்னா என்னை யார் கேப்பா?

எனக்கு நெட்வொர்க் வந்தாலும் விடிவு இல்ல. கணக்குல கினா கிடக்கு, அதை டாலரா மாத்தினாத்தான் இந்தியாவுக்குப் போகும். டாலர் இல்லைங்கிறாங்க. 2014 ஜூன்ல மத்திய வங்கி, கினாவை வாங்குறதும் விக்கிறதும் இந்த விலைக்குள்ளதான் நடக்கணும்னு கட்டுப்பாடு போட்டுச்சு. அந்த விலைக்கு டாலரைக் கொடுக்க ஆள் குறைவு, கேக்குறவங்க கூட்டம். அன்னிலருந்து தட்டுப்பாடுதான். அதே 2014லதான் இந்த நாடு கப்பல் கப்பலா எரிவாயு ஏத்துமதி பண்ண ஆரம்பிச்சுது. தங்கம் போகுது, செம்பு போகுது. வந்த டாலரெல்லாம் எங்கய்யா போச்சு? 2012ல ஒரு கினா கிட்டத்தட்ட அரை டாலர். இப்போ கால் டாலர் அளவுக்கு வந்து நிக்குது. டாலர் கேட்டு நான் போட்ட விண்ணப்பம் வரிசையில தூங்கத் தூங்க என் உழைப்பு கரைஞ்சிக்கிட்டே இருக்கு.

பொண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட திங்கள் கடைசி நாள். வீட்டுல சங்கிலியை அடகு வைக்கப் போறேன்னு சொல்லிட்டா. கை நிறையச் சம்பளம் வாங்குறவன் பொண்டாட்டி அடகுக்கடைப் படி ஏறணுமா? வயிறு எரியுது.

"மோர்ஸ்பிக்குப் போய்ப் பேசிப் பாருங்களேன்"னு ஒருத்தர் யோசனை சொல்றார். இங்கருந்து தலைநகருக்குச் சாலையே கிடையாது. விமானம்தான். போன மாசம் அந்த விமானத்துக்கு ரெண்டு நாள் காத்திருந்து, மூணாம் நாள் ரத்துன்னுட்டாங்க. ஊர்லருந்து போன் பண்றவங்களோ, "கடலோரம், தென்னந்தோப்பு, உனக்கென்னப்பா"ன்னு பேசுறாங்க. மலேரியாக் காய்ச்சல்ல ரெண்டு தடவை படுத்து எழுந்தவன்கிட்ட இப்படிப் பேசாதீங்க. கெஞ்சிக் கேக்குறேன்.

கவுன்ட்டர்ல இருக்கிற பொண்ணு மேல எனக்குக் கோபம் இல்ல. அதுக்கும் ஒண்ணும் தெரியாது, "சோரி ட்ரூ"ன்னு நிஜமாவே வருத்தப்படுது. மேல உக்காந்திருக்கிறவங்களைத்தான் கேக்குறேன். டாலர் இல்லைன்னா இல்லைன்னு எழுதிக் கொடுங்க. வரிசைன்னா நான் எத்தனையாவது ஆள்? நாலு வாரத்துக்கு முன்னாடி எங்கே இருந்தேன், இன்னிக்கு எங்கே இருக்கேன்? ஒரு துண்டுத் தாள்ல அந்த எண்ணை எழுதித் தேதி போட்டு என் கையில கொடுங்க. அதைக் காட்டியாவது கல்லூரியில பத்து நாள் அவகாசம் கேப்பேன்.