கருப்பட்டி போட்டால் சரியாகிவிடுமா?

காரைக்குடியில் எந்தப் பலகாரக் கடைக்குப் போனாலும் இப்போது ஒரு வசனம் தயாராக இருக்கிறது. "இது கருப்பட்டியில செஞ்சது சார், சுகர் இருக்கவங்களும் தாராளமா சாப்பிடலாம்." கால் கிலோ வாங்க வந்தவர் நிம்மதியாக அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போகிறார். எனக்கு இந்த வசனத்தைக் கேட்டாலே எரிச்சல் வரும். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கிற அதே சரக்கு. கூடவே கொஞ்சம் தாதுச்சத்து, நல்ல மணம், சீனியில் கிடைக்காத ஒரு ருசி, எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை நோய்க்காரர் தாராளமாகச் சாப்பிடலாம் என்பது பச்சைப் பொய். சீனிப்பாகு கலந்த கருப்பட்டியும் ஊரில் விற்கிறது, அது தனிக் கதை.

"அப்படின்னா நம்ம ஆயா அப்பத்தாவெல்லாம் சாப்பிடலையா?" என்று உடனே கேட்பீர்கள். சாப்பிட்டார்கள். எப்போது சாப்பிட்டார்கள் என்பதுதான் விஷயம்.

கும்மாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பேரே ஆடிக்கும்மாயம். உளுந்தை வாசம் வரும்வரை வறுத்து, அதோடு கொஞ்சம் பாசிப்பருப்பும் பச்சரிசியும் வறுத்துச் சேர்த்து, திரித்துச் சலித்து, அந்த மாவை நெய்யில் ஒருமுறை பிரட்டி, கருப்பட்டியும் வெல்லமும் கரைத்து வடிகட்டிய தண்ணீரைக் கட்டி விழாமல் ஊற்றி, பிறகு கை ஓய்கிற வரைக்கும் கிண்ட வேண்டும். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுவரை அடுப்படியை விட்டு நகர முடியாது. எங்கள் அப்பத்தா கிண்டி முடித்ததும் தட்டில் கொட்டி நெய் தடவிய கையால் தட்டிவிடுவார், ஆளுக்கு ஒரு உருண்டை, அவ்வளவுதான், வீட்டில் இருபது பேர். மறுபடி வேண்டுமென்றால் அடுத்த ஆடிக்குக் காத்திருக்க வேண்டியதுதான். தீபாவளிக்கு உக்காரை, கல்யாண வீட்டில் கவுனியரிசி, பிள்ளையார் நோன்புக்கு இழை மாவு, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், ஒரு காரணம். அந்தக் காலத்தில் எல்லோரும் கல் மாதிரி இருந்தார்கள் என்று கதை விடமாட்டேன், அப்போதும் நோய் இருந்தது. ஆனால் அளவை யாரும் எடை போட்டுப் பார்க்கவில்லை, மாதமே அதைப் பார்த்துக்கொண்டது. இன்றைக்குக் கும்மாய மாவு பாக்கெட்டில் வருஷம் முழுக்கக் கிடைக்கிறது, மாசியிலும் கிண்டலாம், புரட்டாசியிலும் கிண்டலாம்.

கவுனியரிசி இன்னொரு கூத்து. பர்மாவிலிருந்து நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கொண்டுவந்த அரிசி, ராத்திரியே ஊறவைத்தால்தான் வேகும். அதன் கருநிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின், நாவல்பழத்திலும் அதே வகை நிறமிதான். நல்ல அரிசிதான், நார்ச்சத்து இருக்கிறது. அதில் சீனியைக் கொட்டி, தேங்காய்ப் பூவும் நெய்யும் விட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு "மருந்து சாப்பிட்டேன்" என்று சொன்னால் எப்படி?

இனிப்பை இவ்வளவு திட்டுவதால் நான் பாகற்காய் ஜூஸ் கோஷ்டி என்று நினைக்க வேண்டாம். எனக்கு இனிப்பு வேண்டும், தினமும் வேண்டும். அதற்கு நம் ஊரில் பழம் இருக்கிறது. செட்டிநாடு செம்மண் பூமி, வானம் பார்த்த பூமி, காஷ்மீர் மாதிரி தோட்டம் கிடையாது. ஆனாலும் எந்த மாதமும் வெறும் மாதமில்லை. சித்திரையில் நுங்கு. சாலையோர வேப்பமரத்தடியில் நுங்குக்காரர் குலையைக் கவிழ்த்துப் போட்டு அரிவாளால் தலையைச் சீவுவார், மூன்று கண்ணும் தெரியும், கட்டைவிரலை விட்டு நெம்பினால் முகத்தில் தண்ணீர் தெறிக்கும். அதே வெயிலில் வெள்ளரிப்பழம் தானாக வெடித்துக் கிடக்கும், கையில் எடுத்தால் மாவாக உதிரும், அதற்கென்று பெரிய இனிப்பு கிடையாது, கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை தூவினால் வேறு எந்தப் பலகாரமும் வேண்டாம். வைகாசி, ஆனியில் ஆலங்குடி, வடகாட்டுப் பக்கத்திலிருந்து பலா வந்து இறங்கும், சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையை எடுத்து வைத்தால் மறுநாள் மண்டி, அரிசி களைந்த தண்ணீரில் வைக்கிற குழம்பு. ஆடியில் நாவல். மழைக்கு முன்னும் பின்னுமாகச் சீத்தா. மழை ஓய்ந்ததும் இலந்தை, காட்டுப் பக்கம் போனால் சூரைப்பழம். தைப் பொங்கலை ஒட்டிப் பனங்கிழங்கு. கொய்யா ஏறக்குறைய எப்போதும்.

கொய்யா என்றதும் ஒன்று. ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் ஏன் எல்லோரும் மெழுகு பூசின ஆப்பிளையே வாங்கிப் போகிறோம்? 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல், ஆப்பிளில் அது 10-ஐக்கூட எட்டாது. விலையைக் கேட்டால் தலைகீழ்.

மாசியிலேயே பளபளவென்று மஞ்சளாக வரும் மாம்பழத்தைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை, எத்திலீன் வாயுவுக்கு மட்டும்தான் அனுமதி. அவசரப்படாமல் வைகாசி வரை பொறுத்தால் இந்தக் கவலையே பாதி தீரும்.

எங்கள் மாமா ஒருவர், சுகர் வந்ததிலிருந்து பலாச்சுளையைக் கண்டால் பாம்பைக் கண்ட மாதிரி விலகிப் போவார். நல்லதுதான், பலாவிலும் சர்க்கரை உண்டு, அவர் அளவு பார்த்துத்தான் ஆகவேண்டும். ஆனால் அதே மனிதர் காலையிலிருந்து சாயங்காலம் வரை நாலைந்து டீ குடிக்கிறார், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி, "இது என்ன பண்ணிடப் போகுது மாப்ள" என்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன கணக்கு, சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25-க்குள், அதாவது ஆறு டீஸ்பூன். தேனும் பழ ஜூஸும்கூட இந்தக் கணக்கில் வரும். கடித்துத் தின்கிற முழுப்பழம் வராது. மாமாவின் ஒதுக்கீடு பதினொரு மணி டீயோடேயே முடிந்துபோகிறது.

பலகாரம் வாங்காதே என்று சொல்ல எனக்கு மனசு வராது. கோட்டையூர், பள்ளத்தூர்ப் பக்கம் எத்தனையோ பெண்கள் தேன்குழல் பிழிந்தும் மாவுருண்டை பிடித்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறார்கள், அவர்கள் கையில் சுட்ட கந்தரப்பத்துக்கு ஈடு கிடையாது. வாங்குங்கள், விசேஷத்துக்கு வாங்குங்கள், வாங்கினால் டப்பாவை மேஜை மேல் வைத்துப் போகும்போதும் வரும்போதும் ஒன்று எடுக்காமல் அன்றைக்கே நாலு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான்: "கருப்பட்டியில் செய்தது" என்று எழுதுகிற இடத்தில் ஒரு துண்டில் எத்தனை கிராம் சர்க்கரை என்று எழுதுங்கள்.

அப்புறம், சூரைப்பழம் இப்போது எந்தப் பக்கம் கிடைக்கிறது? குன்றக்குடிப் பக்கம் இருந்த புதரையெல்லாம் வெட்டிப் பிளாட் போட்டுவிட்டார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.