நேரில் போகாமல் மதிப்பு போடலாமா?

வீட்டுக்கடனுக்காக வங்கிப் படி ஏறியவர்களுக்கு வேல்யூவர், அதாவது வங்கிக்காக வீடு மனைக்கு மதிப்பு போடுபவர், யார் என்று தெரியும். எண்பதுகளின் கடைசியில் நான் சென்னைப் புறநகரில் அந்த வேலைக்கு வந்தபோது கணினியும் இல்லை, செல்போனும் இல்லை. இப்போது உட்கார்ந்த இடத்திலேயே மேப்பைப் பார்த்து மதிப்பறிக்கை தயார் செய்துவிடலாம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது கவலையாக இருக்கிறது.

அன்றைய சிரமத்துக்கு நான் ஏங்கவில்லை. வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டுவிட்டு, பதிவு அலுவலகத்தில் பெரிய பெரிய வால்யூம்களைப் புரட்டி எழுதித் தரும்வரை காத்திருக்க வேண்டும். நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் பழைய புலப்படம் என்றால் அளவெல்லாம் லிங்க் கணக்கு. 100 லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. இன்று இதெல்லாம் வீட்டிலிருந்தே கிடைக்கிறது. ரொம்ப நல்லது.

ஆனால் மனையில் கால் வைக்காமல் அளவு சொல்ல முடியாது. பத்திரத்தில் 'கிழமேல் ஜாதியடி வடபுறம் 40, தென்புறம் 42, தென்வடல் ஜாதியடி கீழ்புறம் 60, மேல்புறம் 58' என்று இருக்கும். கிழமேல் என்றால் கிழக்கு மேற்காக, தென்வடல் என்றால் தெற்கு வடக்காக, ஜாதியடி என்றால் நம் சாதாரண அடிதான். எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியைப் பெருக்கி, 41க்கு 59, மொத்தம் 2,419 சதுர அடி, ஒரு கிரவுண்டுக்கு (2,400 சதுர அடி) மேலேயே இருக்கிறது என்பார்கள். மனை கோணலாக இருந்தால் இந்தக் கணக்கு எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். நாலு பக்க அளவும் மாறாமலே, மனை சாயச் சாயப் பரப்பு குறையும். அதனால் மூலைவிட்டத்தையும் அளப்போம். வீட்டுக்காரரின் பையன் ஒரு மூலைக் கல்லில் டேப்பின் வளையத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வான், நான் எதிர் மூலையில் நின்று இழுப்பேன். டேப் நடுவில் தொய்ந்தால் அளவு கூடும். துணி டேப்பை ரொம்ப இழுத்தால் அது நீண்டுபோய் அளவு குறையும். அந்தப் பதம் கைக்குப் பழக வேண்டும். மூலைவிட்டம் கிடைத்துவிட்டால் இரண்டு முக்கோணம், கூட்டினால் உண்மையான பரப்பு.

விலைதான் இதைவிடச் சிக்கல். பத்திரத்தில் எழுதிய விலையும் கைமாறிய விலையும் ஒன்றாக இருப்பது அபூர்வம். முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து, பத்திரப்பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டித்தான் எழுதுவார்கள். அந்த வழிகாட்டி மதிப்பும் சந்தையோடு சேர்ந்து நடப்பதில்லை. 2017 ஜூனில் தமிழ்நாடு முழுக்க அதை 33 சதவீதம் குறைத்தார்கள். அதற்காக ஒரே ராத்திரியில் மனை விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்துவிடவில்லை. பதிவான தொகையை மட்டும் வைத்துக் கணினி சொல்லும் விலையை நான் எப்படி நம்புவது?

உண்மை விலை வேண்டுமானால் தெருவில் இறங்கிக் கேட்க வேண்டும். டீக்கடை, இஸ்திரி வண்டி, புரோக்கர், சமீபத்தில் மனை வாங்கியவர். புரோக்கர் ஏற்றிச் சொல்வார், வாங்கியவர் இறக்கிச் சொல்வார். விற்றுவிட்டுப் போனவரின் பக்கத்து வீட்டுக்காரர் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார்.

சென்னையின் தெற்கே தாழ்வான மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் என்றால் விலையோடு தண்ணீரையும் விசாரிப்போம். மழைக்கு எதுவரை ஏறியது, எத்தனை நாள் நின்றது என்று. சுண்ணாம்பு அடித்த காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறை ஒரே கோடாக ஓடினால் வேறு சாட்சி தேவையில்லை. கிணற்று நீர் உப்புக் கரிக்கிறதா என்று ஒரு வாய் குடித்துப் பார்ப்போம். அப்புறம் அ-பதிவேட்டில், அதாவது கிராமத்தின் நில விவரப் பதிவேட்டில், சுற்றியுள்ள சர்வே எண்கள் ஏரிப் புறம்போக்கா, ஓடைப் புறம்போக்கா என்று பார்ப்போம். கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் எல்லா மனையும் காய்ந்த நல்ல மனைதான். 2015 டிசம்பரில் அந்தப் பக்கத்து வீடுகள் எப்படி மூழ்கின என்பது ஊருக்கே தெரியும்.

இளைய வேல்யூவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வங்கிகள் ஒரே நாளில் அறிக்கை கேட்டு, அதற்கு ஆட்டோ செலவுக்கே போதாத கட்டணம் கொடுத்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? மதிப்பைக் கூட்டிப் போட்டால் ஒரு குடும்பம் தாங்க முடியாத கடனை இருபது வருடம் சுமக்கிறது. குறைத்துப் போட்டால் அவர்கள் வட்டிக்கடைக்குப் போகிறார்கள். வங்கிகள் நேரடி ஆய்வுக்கு உரிய நாளும் கட்டணமும் கொடுக்கட்டும். 'அக்கம்பக்கத்தில் யாரிடம் விசாரித்தீர்கள், என்ன சொன்னார்கள்' என்று அறிக்கையில் ஒரு பக்கம் ஒதுக்கட்டும். அந்தப் பக்கம் காலியாக வந்தால் அறிக்கையைத் திருப்பி அனுப்பட்டும்.