நியமன நாளைப் பார்க்கும் ஊதியம்

ஆசிரியர்கள் போராட்டத்தில் இறங்கும் போதெல்லாம், வாங்கும் சம்பளத்துக்கு ஏற்றபடி பாடம் நடத்துகிறார்களா என்ற கேள்வி எழுகிறது. வரிப்பணத்தில் ஊதியம் தரும் மக்களுக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. ஆனால், தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஊதியம் எதை வைத்து முடிவாகிறது என்று பார்த்தால், கற்பித்தலின் தரத்துக்கு அதில் இடமே இல்லை.

தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் இடைநிலை ஆசிரியர்களை எடுத்துக்கொள்வோம். 2009 மே 31 வரை பணியில் சேர்ந்தவர்களுக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்றும், ஜூன் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு 5,200 ரூபாய் என்றும் நிர்ணயிக்கப்பட்டது. இருவருக்கும் கல்வித் தகுதி ஒன்று, பாடநூல் ஒன்று. அடிப்படை ஊதியத்திலேயே 3,170 ரூபாய் குறைந்துவிட்டதால், அகவிலைப்படியிலும் ஆண்டு ஊதிய உயர்விலும் அந்த இடைவெளி வளர்ந்துகொண்டே போனது. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு சென்னையில் பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று எழுதியவர்கள், இந்தத் தேதிக் கணக்கை ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும். 2022இல் இதே இடைநிலை ஆசிரியர் பணியிடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக ஆள் எடுக்க அரசு முதலில் அறிவித்த தொகையோ மாதம் 7,500 ரூபாய்தான். ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் 2012இல் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர்களுக்குப் பல ஆண்டுகள் மே மாதத்தில் அதுவும் கிடைக்கவில்லை.

இந்த இடைநிலை ஆசிரியர் செய்யும் வேலை என்ன? எங்கள் பகுதி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிந்து ஒரே அறையில் அமர்ந்திருப்பார்கள். ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் சுழி எண்ணத் தெரியாத பையனின் விரலைப் பிடித்து எழுத வைத்தபடியே, கதை வாசிக்கும் சிறுமியின் உச்சரிப்பையும் ஆசிரியை காதில் வாங்கித் திருத்துவார். இடையே வருகைப் பதிவைச் செல்பேசிச் செயலியில் ஏற்றியாக வேண்டும். ஒரு குழந்தை வாசிக்கக் கற்பதும் கல்லாமல் போவதும் இந்த மூன்று ஆண்டுகளில்தான் பெரும்பாலும் முடிவாகிறது. அப்படியிருந்தும், ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிந்தைய தொடக்க ஊதியம் மேல்நிலை வகுப்பு எடுக்கும் முதுகலை ஆசிரியருக்கு 36,900 ரூபாயாகவும், இந்த இடைநிலை ஆசிரியருக்கு 20,600 ரூபாயாகவும் இருக்கிறது. கூடுதல் படிப்புக்குக் கூடுதல் ஊதியம் தருவதை நான் எதிர்க்கவில்லை. இவ்வளவு பெரிய இடைவெளி, அடித்தளம் போடுபவரின் உழைப்பை நாம் எவ்வளவு மலிவாக மதிக்கிறோம் என்பதையே காட்டுகிறது.

ஊதியத்தை உயர்த்தினால் தரம் தானாக உயர்ந்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். இந்தோனேசியாவில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சான்று பெற்ற ஆசிரியர்களின் அடிப்படை ஊதியம் இரட்டிப்பானது. அதை ஆராய்ந்தவர்கள், ஆசிரியர்களின் பணக் கவலையும் இரண்டாவது வேலைக்குப் போவதும் குறைந்தன, ஆனால் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் மாணவர்களின் கற்றல் உயரவில்லை என்று கண்டார்கள். அதற்காக, தேர்ச்சி விகிதத்தைப் பார்த்துச் சம்பளம் கொடுக்கலாம் என்று சிலர் சொல்வது இன்னும் ஆபத்தானது. வீட்டில் எழுத்தறிவே இல்லாத பிள்ளையை எந்த ஆசிரியரும் பாரமாக நினைக்கத் தொடங்கிவிடுவார். மெல்லக் கற்பவர்கள் கடைசி வரிசைக்குத் தள்ளப்படுவார்கள்.

நியாயமான ஊதியம் உழைப்புக்குரிய கடன். அதைத் தரத்துக்கான பரிசாக எண்ணக் கூடாது. முதலில் 2009 ஜூன் 1 என்ற எல்லைக்கோட்டை அழித்து, ஒரே பணிக்கு ஒரே ஊதியம் என்று ஆக்க வேண்டும். அதற்குப் பிறகு தரத்தைக் கண்டிப்பாகக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். பள்ளிக்கு வரும் வட்டாரக் கல்வி அலுவலர் பதிவேடுகளில் கையெழுத்திட்டுவிட்டுப் போகாமல், வகுப்பில் ஒரு மணி நேரம் அமர்ந்து, பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு ஆசிரியரோடு பேசட்டும்.