ஒரு பாடம் போனால் ஒரு வருஷம் போகாது

“பிளஸ் டூவில் ஒரு பாடம் போனாலும் ஆறு பாடத்தையும் அடுத்த மார்ச்சில்தான் திரும்ப எழுதணும்” என்று திருப்பூர், ஈரோடு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல் பொய்.

தேர்வை நடத்திச் சான்றிதழ் தருவது பள்ளி இல்லை, சென்னையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம். தேறிய பாடத்தின் மதிப்பெண் அங்கே பதிவிலேயே இருக்கும். போன பாடத்தை மட்டும், அதே ஆண்டு முடிவுகள் வந்த சில வாரங்களில் நடக்கும் துணைத் தேர்வில் எழுதலாம். படித்த பள்ளியிலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணமும் சின்னத் தொகைதான். ஆனால் கடைசித் தேதி சீக்கிரம் வந்துவிடும். இந்த வதந்தியை நம்பிப் பிள்ளையைப் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டால் அந்தத் தேதிதான் தவறிப்போகும்.

விடைத்தாள் திருத்தலில் சந்தேகமா? நகல் வாங்கிப் பார்த்துவிட்டு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம்.