'யார் அந்த ஸ்லாட்?' என்று கேட்டவன் நான்தான்

2024 ஏப்ரல் கடைசியில், இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து கிளப்பின் ரசிகர்கள் நாங்கள் சிலர் பேசிக்கொள்ளும் வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதிய ஒரு வரியை நண்பர் ஒருவர் இன்னும் படமாக எடுத்து வைத்திருக்கிறார். 'யார் அந்த ஸ்லாட்? டச்சு லீக்கில் ஜெயிப்பதெல்லாம் ஒரு ஜெயிப்பா???' என்பதுதான் அது. எங்கள் புதிய பயிற்சியாளராக வரப்போகிறவரைப் பற்றி. மூன்று கேள்விக்குறிகள் வேறு. எங்களுக்குள் வாக்குவாதம் முற்றினால் அவர் பதில் சொல்வதில்லை. அந்தப் படத்தை மட்டும் அனுப்புவார். நான் வாயை மூடிக்கொள்வேன்.

அந்த ஆண்டு ஜனவரி 26, வெள்ளிக்கிழமை. எங்கள் மேனேஜர் யூர்கன் கிளாப் ஒரு காணொளியில் வந்து, இந்தப் பருவத்தோடு விலகுகிறேன், என்னிடம் இருந்த தெம்பு தீர்ந்துகொண்டு வருகிறது என்றார். 2015 அக்டோபரில் வந்தவர். சாம்பியன்ஸ் லீக், முப்பது ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு லீக் பட்டம் எல்லாம் தந்தவர். குழுவில் அழுகைப் படங்களாக வந்து விழுந்தன. ஒரு மணி நேரம் இருக்கும். அதற்குள் யாரோ 'ஷாபி அலோன்சோ' என்று எழுதிவிட்டார். இழவு வீட்டில் பாகப்பிரிவினை பேசுவது போலத்தான் இருந்தது. ஆனால் அடுத்த மூன்று மாதங்கள் அந்தப் பேச்சில் என்னைவிட அதிகமாகக் கத்தியவர்கள் யாரும் இல்லை.

என் வேட்பாளர், எங்கள் முன்னாள் நடுக்கள வீரர் அலோன்சோதான். காரணம் கேட்டால் 2005 இஸ்தான்புல் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி என்பேன். மிலானுக்கு எதிராக மூன்று கோல் பின்தங்கி, அவருடைய பெனால்ட்டியை கோல்கீப்பர் தடுத்து, திரும்பி வந்த பந்தை அவரே உள்ளே அடித்துச் சமன் செய்த அந்தக் கணம். அதற்கும் பயிற்சியாளர் வேலைக்கும் என்ன தொடர்பு என்று அன்று யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். ஜெர்மனியின் லெவர்குசன் கிளப்பின் பயிற்சியாளராக அவர் தோல்வியே காணாமல் போய்க்கொண்டிருந்தார் என்பது எனக்குக் கூடுதல் வசதி. மார்ச் 29 அன்று அவர் அங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். உடனே குழு முழுவதும் போர்ச்சுகலில் பயிற்சியாளராக இருந்த ரூபன் அமோரிம் பக்கம் சாய்ந்தது. போர்ச்சுகல் லீக்கில் ஓர் ஆட்டம்கூட முழுதாகப் பார்க்காதவர்கள் எல்லாம் மூவர் தடுப்பாட்டத்தின் நுணுக்கங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நானும் எழுதினேன். கடைசியில் நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் கிளப்பிலிருந்து ஆர்னே ஸ்லாட் வருகிறார் என்று செய்தி வந்தபோது எழுதியதுதான் மேலே சொன்ன வரி.

இப்போது யோசித்தால் ஒன்று உறைக்கிறது. அந்த மூன்று மாதங்களில் நூற்றுக்கணக்கான செய்திகள் போட்டிருப்போம். அவர் நம்முடைய ஆள், இவருக்கு ஆவேசம் உண்டு, அவருக்குப் பெயர் உண்டு, இவருக்கு இங்கிலாந்து அனுபவம் இல்லை என்று ஆளையே திருப்பித் திருப்பிப் பார்த்தோம். வருகிறவர் கையில் எந்த அணியை ஒப்படைக்கப் போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் கருத்தில் முதல் கேள்வி அதுதான். ஆள் யார் என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

மான்செஸ்டர் யுனைடெட் கதையை நாங்கள் பதினொரு ஆண்டுகளாகக் கேலி செய்திருக்கிறோம், அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளாமலே. 2013இல் அவர்களுடைய மேனேஜர் அலெக்ஸ் பெர்குசன் ஓய்வு பெற்றபோது அவர்கள் 11 புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன். அடுத்து வந்த டேவிட் மோயஸுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம். அவர்களுடைய மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்' என்று பதாகை கட்டினார்கள். பத்து மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பருவத்தில் அணி ஏழாவது இடம். மோயஸ் சிறிய ஆள், பெரிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார் என்று எல்லோரும் முடித்துவிட்டோம்.

ஆனால் அவர் கையில் வந்தது என்ன? தடுப்பாட்டக்காரர்கள் ஃபெர்டினாண்ட், விடிச், எவ்ரா மூவரும் முப்பதைத் தாண்டியவர்கள். அடுத்த கோடையில் மூவருமே கிளப்பில் இல்லை. நடுக்கள வீரர் ஸ்கோல்ஸ் பெர்குசனோடு சேர்ந்தே ஓய்வு பெற்றுவிட்டார். கிக்ஸுக்கு நாற்பது நிறையப் போகிறது. முந்தைய பருவத்தில் 26 கோல் அடித்துப் பட்டத்தைக் கையில் கொடுத்த வான் பெர்சி முப்பதைத் தொடுகிறார். இதற்கெல்லாம் மேல், வீரர்களை வாங்கி விற்கும் வேலையைப் பல ஆண்டுகள் பார்த்த டேவிட் கில் அதே கோடையில் விலகினார். அந்த இடத்துக்கு வந்த எட் உட்வார்டுக்கும் அதுதான் முதல் சந்தை. நடுக்கள வீரர் ஃபெல்லெய்னியை ஜூலை முடிவதற்குள் வாங்கியிருந்தால் ஒப்பந்த விதிப்படி 2.35 கோடி பவுண்ட். அதை விட்டுவிட்டுச் சந்தையின் கடைசி நாளில் 2.75 கோடி கொடுத்து வாங்கினார்கள். அந்தக் கோடையின் பெரிய கொள்முதலே அதுதான்.

மோயஸ் மீதும் குற்றம் உண்டு. பெர்குசனின் உதவிப் பயிற்சியாளர்களைப் போகவிட்டுத் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். வீட்டில் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று தெரிந்தவர்களை அனுப்பிவிட்டுக் கதவோடு மல்லுக்கட்டியது போல. ஆனால் அன்று அவருக்குப் பதிலாக ரசிகர்கள் கேட்ட பெரிய பெயர் யாராவது வந்திருந்தால் அந்தத் தடுப்பாட்டக்காரர்களுக்கு வயது குறைந்திருக்குமா?

எங்கள் கிளப்பின் பழைய கதை ஒன்று இதைவிடச் சுவையானது. 1974 கோடையில் இங்கிலாந்தின் முதல் இரண்டு அணிகளுமே ஒரே நேரத்தில் தங்கள் மாபெரும் மேனேஜர்களை இழந்தன. சாம்பியனான லீட்ஸிலிருந்து டான் ரெவி இங்கிலாந்து தேசிய அணிக்குப் போனார். இரண்டாவதாக வந்த லிவர்பூலில் பில் ஷாங்க்லி யாரும் எதிர்பாராமல் விலகினார். லீட்ஸ் ஊரறிந்த பெயரைத் தேடிப் பிரையன் கிளஃபைக் கொண்டுவந்தது. அவரோ ரெவியின் அணியை ஆண்டுக்கணக்கில் வெளிப்படையாகத் திட்டியவர். வந்ததும் வீரர்களைக் கூட்டி, நீங்கள் வென்ற பதக்கங்களைக் குப்பையில் போடுங்கள் என்று சொன்னதாகக் கதை. லிவர்பூல், 1939இலிருந்து கிளப்பிலேயே இருந்த பாப் பெய்ஸ்லியைக் கேட்டது. விளையாட்டு வீரர், இயன்முறை சிகிச்சையாளர், பயிற்சியாளர் என்று எல்லா வேலையும் பார்த்தவர். அந்தப் பதவியை அவர் விரும்பவே இல்லை.

ஆகஸ்டில் வெம்பிளியில் இரண்டு அணிகளும் மோதின. லிவர்பூலை ஷாங்க்லியே கடைசி முறையாக முன்னே நடத்தி வந்தார், லீட்ஸை கிளஃப். லிவர்பூலின் கீகனும் லீட்ஸின் பிரெம்னரும் அடித்துக்கொண்டு, வெளியேற்றப்பட்டு, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனார்கள். அந்த ஒரு பிற்பகலை மட்டும் பார்த்திருந்தால் யார் எங்கே போகப் போகிறார் என்று ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது. கிளஃப் 44 நாளில் நீக்கப்பட்டார். ஆறு லீக் ஆட்டங்களில் ஒரே வெற்றி. பெய்ஸ்லி ஒன்பது ஆண்டுகளில் ஆறு லீக் பட்டமும் மூன்று ஐரோப்பியக் கோப்பையும் (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) வென்றார். கிளஃப் திறமையற்றவர் என்று யாரும் சொல்ல முடியாது. பின்னாளில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டைக் கொண்டு இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றவர் அவர். லீட்ஸும் செத்த அணி அல்ல. அதே பருவத்தில் ஜிம்மி ஆர்ம்ஃபீல்டின் கீழ் ஐரோப்பியக் கோப்பை இறுதி வரை போனது. நல்ல மேனேஜர், நல்ல அணி. ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்ததுதான் பிழை.

இங்கே ரனியெரியைச் சொல்லாமல் போனால் என் மனம் ஆறாது, ஏனென்றால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பெரிய மனிதர் துணை இருக்கிறார். 2015இல் கிளாடியோ ரனியெரியை லெஸ்டர் கிளப் மேனேஜராக நியமித்தபோது, அந்த கிளப்பின் முன்னாள் வீரரும் ரசிகருமான கேரி லினெக்கர் 'ரனியெரியா? நிஜமாகவா?' என்று ட்விட்டரில் கேட்டார். அடுத்த மே மாதம் லெஸ்டர் இங்கிலாந்து சாம்பியன். எல்லோரும் அதை அதிசயம் என்கிறார்கள். அதிசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் முந்தைய மேனேஜர் நைஜல் பியர்சன் விட்டுப்போன அணி முந்தைய பருவத்தின் கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்றிருந்தது. ரனியெரி அவருடைய உதவியாளர்களை வைத்துக்கொண்டார், பெரிதாக எதையும் கலைக்கவில்லை. லினெக்கரும் என்னைப் போலவே ஆளைப் பார்த்தார், அணியைப் பார்க்கவில்லை.

திரும்ப ஸ்லாட்டிடம் வருகிறேன். கிளாப் போவதற்கு முந்தைய கோடையிலேயே நடுக்களத்தைப் பிரித்துக் கட்டிவிட்டார். ஹெண்டர்சனும் ஃபபின்யோவும் சவுதிக்குப் போக, மக் அலிஸ்டர், சோபோஸ்லாய், எண்டோ, கிராவன்பெர்க் வந்தார்கள். பெர்குசன் தன் அணியின் கடைசிச் சொட்டு வரை பிழிந்து பட்டத்தோடு போனார். கிளாப் மூன்றாவது இடத்தோடு போனார், ஆனால் அடுத்த ஐந்து ஆண்டுக்கு ஓடக்கூடிய கால்களை விட்டுப்போனார். அன்று எங்களுக்கு அந்த மூன்றாவது இடம்தான் கண்ணில் பட்டது.

ஸ்லாட் செய்த முதல் நல்ல காரியம், செய்யாமல் விட்டவைதான். 2024 கோடையில் அவருக்கு வந்து, அந்தப் பருவத்தில் ஆடிய ஒரே புதிய வீரர் கியேசா, அவரும் அதிகம் ஆடவில்லை. நடுக்களத்தின் அடியில் நிற்க சுபிமெண்டியைக் கேட்டார்கள், அவர் வர மறுத்துவிட்டார். அந்த இடத்தில் கிராவன்பெர்க்கை நிறுத்தினார் ஸ்லாட். கிளாப்பின் கடைசிப் பருவத்தில் நிலையான இடம் கிடைக்காமல் இருந்த பையன். பந்து வரும்போது தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். எதிராளி நெருங்கும் அந்த அரை நொடியில் உடம்பைச் சாய்த்துத் திரும்பி, ஆளைப் பின்னால் விட்டுவிட்டுப் போய்விடுவான். அது அவனிடம் முன்பும் இருந்தது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் புதிது. சலா 29 கோல் அடித்தார். 2025 ஏப்ரல் 27 அன்று டாட்டன்ஹாமை 5-1 என்று வீழ்த்தி, நான்கு ஆட்டங்கள் மிச்சம் இருக்கும்போதே பட்டம் வந்தது.

இன்னொன்றையும் நாங்கள் கவனிக்கவில்லை. கிளாப்பின் பதவிப் பெயர் மேனேஜர். ஸ்லாட்டுக்குத் தலைமைப் பயிற்சியாளர். பெயர் மாற்றம்தானே என்று தோன்றும். ஆனால் யாரை வாங்குவது, எவ்வளவுக்கு வாங்குவது என்பதெல்லாம் கிளப் நிர்வாகிகளான மைக்கேல் எட்வர்ட்ஸ், ரிச்சர்ட் ஹியூஸ் ஆகியோர் மேசைக்குப் போய்விட்டது. அவர்கள் இருவரும் வந்தது ஸ்லாட்டுக்கு முன்பு. அன்று நாங்கள் உண்மையில் சண்டை போட்டிருக்க வேண்டியது அவர்களைப் பற்றி.

முன்னாள் வீரரைக் கொண்டுவருவது எப்போதும் தவறா என்று கேட்பார்கள். இல்லை. 2008இல் பார்சிலோனா மொரின்யோவிடம் பேசிப் பார்த்துவிட்டு, தன் முன்னாள் வீரரும் இரண்டாம் அணியின் பயிற்சியாளருமான குவார்டியோலாவை எடுத்தது. முதல் பருவத்திலேயே மூன்று கோப்பை. ஆனால் அவருக்குக் கிடைத்த வீரர்கள் ஷாவி, இனியெஸ்டா, மெஸ்ஸி. அவர்கள் வளர்ந்த பள்ளியிலேயே அவரும் வளர்ந்தவர். பழைய சட்டையைப் போட்டதால் மட்டும் வந்த வெற்றி அல்ல அது.

என் வாதத்துக்கு அடுத்த பருவமே சோதனை வைத்தது. 2025 கோடையில் தடுப்பாட்டக்காரர் டிரெண்ட் வேறு கிளப்புக்குப் போனார். முன்கள வீரர் ஜோட்டா விபத்தில் இறந்தார். அதை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது, சேர்க்கவும் கூடாது. விர்ட்ஸ், எகிடிகே, 12.5 கோடி பவுண்டுக்கு ஐசக் என்று முன்வரிசையே மாறியது. கிரிஸ்டல் பாலஸ், செல்சி, மான்செஸ்டர் யுனைடெட், பிரென்ட்ஃபோர்ட் என்று லீக்கில் வரிசையாக நான்கு தோல்விகள். பட்டம் வென்ற அதே மனிதர்தான், முன்னால் இருந்தது வேறு அணி.

பிரென்ட்ஃபோர்ட் ஆட்டம் முடிந்த இரவு குழுவில் புதிய பட்டியல் தயாராகிவிட்டது. என் படத்தை வைத்திருக்கும் அந்த நண்பர்தான் முதலில் எழுதினார்: 'ஸ்லாட் போதும். கிளாப்பைத் திரும்பக் கூப்பிடுங்கள்.' அவரும் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தார்.

நான் பதில் எதுவும் எழுதவில்லை. படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.