சாம்பிள் அளவை மென்பொருள் சொல்லாது

கிளினிக்கல் ட்ரையல் (மருந்தை நோயாளிகளிடம் சோதிக்கும் ஆய்வு) வேலைக்கு “எஸ்ஏஎஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் படித்தால் போதும், எத்தனை நோயாளிகள் வேண்டும் என்று மென்பொருளே சொல்லிவிடும், மற்றதெல்லாம் ஃபைல் வேலை” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். புதிதாகக் கிளினிக்கல் ட்ரையல் பக்கம் வருகிறவர்கள் இதை நம்ப வேண்டாம்.

மென்பொருள் பெருக்கித்தான் தரும், எதைப் பெருக்குவது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். பழைய மருந்தில் 60% பேர் குணமாகிறார்கள், புதியதில் 70% ஆகும் என்று வைத்துக்கொண்டால், 80% பவர் (உண்மையில் வித்தியாசம் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5% ஆல்ஃபா (வித்தியாசமே இல்லாதபோது இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) என்ற கணக்கில் ஒரு குழுவுக்குச் சுமார் 350 பேர் வேண்டும். புதியதில் குணமாகிறவர்களை 65% என்று குறைத்தால் நான்கு மடங்குக்கும் மேல், கிட்டத்தட்ட 1,470 பேர். அந்த 70% எங்கிருந்து வந்தது, நோயாளிக்கு அந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதா, இதையெல்லாம் மருத்துவரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய முடியும். பாதியில் விலகுகிறவர்கள் கணக்கு அப்புறம் தனி.

“ஃபைல் வேலை” என்பதும் சரியில்லை. இந்தியாவில் கிளினிக்கல் ட்ரையலுக்கான 2019 விதிகளின்படி கடுமையான பாதகம் நேர்ந்தால் ஆய்வாளர் 24 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், சிடிஆர்ஐ (இந்தியாவின் கிளினிக்கல் ட்ரையல் பதிவேடு) பதிவோ முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். 1950களில் சென்னையில் நடந்த காசநோய் ஆய்வைப் பாருங்கள், வீட்டில் தரும் சிகிச்சையும் சானடோரியத்தில் (காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனை) தரும் சிகிச்சையும் ஏறக்குறைய சமம் என்று காட்டியது அதுதான். ஆட்கள் சொல்லாமல் வீட்டுக்கே போய் மாத்திரையை எண்ணி, சிறுநீரைச் சோதித்திருக்கிறார்கள். அந்த உழைப்பு இல்லையென்றால் எந்தப் புள்ளியியலும் அந்தத் தரவைக் காப்பாற்றியிருக்காது. எஸ்ஏஎஸ் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் முதலில் ஒரு புரோட்டோகாலை (ஆய்வை எப்படி நடத்துவது என்ற முழுத் திட்ட ஆவணம்) முழுசாக வாசியுங்கள்.