திருக்கை கொட்டுவது கோபத்தில் அல்ல

நீலப்புள்ளித் திருக்கையைப் பற்றிய கட்டுரை நன்று. ஆனால் அது 'மனிதரைத் தாக்கும்' என்று எழுதியிருப்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் பாக் நீரிணைக் கரையில் வளர்ந்தவன். இந்த மீன் ஒரு முழ அகலம்கூட வராது. மணலை வாரி மேலே போட்டுக்கொண்டு கண் மட்டும் தெரியப் படுத்துக் கிடக்கும். அந்தக் கண்களின் குறுக்கே முகமூடி கட்டியதுபோல ஒரு கருப்புப் பட்டை. வாய் அடிப்பக்கம் மணலில் புதைந்திருப்பதால், கண்ணுக்குப் பின்னால் உள்ள துளை வழியாகத்தான் மூச்சுக்குத் தண்ணீரை இழுக்கும். நாம் போய் மிதித்தால் வாலைச் சுழற்றி அதிலுள்ள விஷ முள்ளை ஏற்றும், அவ்வளவுதான். அதனால்தான் அப்பா ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்க விடமாட்டார். தேய்த்தே நடக்கச் சொல்வார். மணல் அதிர்ந்தால் அதுவே விலகி ஓடிவிடும்.

எனக்கும் ஒருமுறை குதிகாலில் ஏறியது. வலி தொடைவரை போனது. பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்த பிறகுதான் அடங்கியது. அந்த விஷம் சூடு தாங்காது. முள் உள்ளே முறிந்திருந்தாலோ மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தாலோ நேராக ஆஸ்பத்திரிதான்.

அப்புறம், திருக்கை முட்டையிடாது, குட்டிதான் போடும். நம் கடலில் உள்ள நீலப்புள்ளி வகையை 2018இல் தான் தனி இனமாகப் பிரித்துப் பெயர் வைத்தார்கள். திருக்கைக் குழம்பு வைத்தால் பூண்டைத் தாராளமாகப் போடுங்கள். பழைய மீன் என்றால் அமோனியா நெடி அடிக்கும், வாங்காதீர்கள்.